சேர் நல்லவர்தான், ஆனாலும்…: சிறுவர் உதைபந்தாட்டம் பற்றி யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பயிற்றுநர் இல்லை. எங்கள் ஊர்க் கழகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடக்கும் பின்னேரங்களில் இடாப்பு எழுதுவேன், தண்ணீர் கொண்டுபோவேன், கோல் கம்பத்தைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பேன், கடைசிப் பிள்ளை வீட்டுக்குப் போகும்வரை மைதானத்தில் நிற்பேன். இவ்வளவுதான் என் வேலை. மதிலோரம் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி தாய் தகப்பன்மார் கேட்ட கேள்விகளை ஒரு கொப்பியில் குறித்து வைத்திருந்தேன். திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும் இங்கே எடுத்திருக்கிறேன்.

சிறுவர் பாதுகாப்பு என்றால் காலில் அடிபடாமல் பார்ப்பதுதானே?

அதுவும் உண்டு. ஆனால் பிள்ளைக்கு மைதானத்தில் வரக்கூடிய கேடு காலோடு நிற்பதில்லை. அடி, அவமானப்படுத்தும் பேச்சு, பாலியல் தொல்லை, கவனிக்காமல் விடுவது, பெரியவர்களின் காசுக்கும் பெயருக்கும் பிள்ளையைப் பயன்படுத்துவது எல்லாம் இதற்குள் வரும்.

ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயம் 1989 இல் வந்தது. இலங்கை 1991 இல் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லோரும் அதன்படி சிறுவர்தான். மீசை அரும்பிய 17 வயதுக் கோல்காப்பாளரும் சிறுவரே. விளையாடுவது பிள்ளையின் உரிமை என்று அதன் 31 ஆம் உறுப்புரை சொல்கிறது. வன்முறையிலிருந்து காப்பது 19 ஆம் உறுப்புரை. தன்னைப் பற்றிய விடயத்தில் பிள்ளையின் அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டும் என்பது 12 ஆம் உறுப்புரை. இந்தக் கடைசி ஒன்றைத்தான் எங்கள் ஆட்களுக்கு ஜீரணிக்கக் கஷ்டம். ஃபிஃபாவும் 2019 இல் ‘ஃபிஃபா கார்டியன்ஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, ஒவ்வொரு நாட்டுச் சம்மேளனமும் சிறுவர் பாதுகாப்புக்கு என்ன ஒழுங்கு செய்ய வேண்டும் என்று வழிகாட்டி வெளியிட்டது.

எங்கள் கோச் ஊர்ப் பிள்ளை. சம்பளம் வாங்காமல் பழக்குகிறார். அவருக்கும் விதி போட்டால் மனம் நோகாதா?

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கேட்கிறவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள்.

கோயில் உண்டியலைத் திறக்கும்போது நாலு பேர் சுற்றி இருந்துதான் எண்ணுகிறார்கள். தலைவர் கள்ளன் என்று யாரும் நினைப்பதால் இல்லை. நாளைக்கு அவர்மேல் ஒரு சொல் வந்துவிடக்கூடாது என்பதற்கும் சேர்த்துத்தான் அந்த ஒழுங்கு. காசுக்கு இவ்வளவு கவனமாக இருக்கிற நாங்கள், பிள்ளையை மட்டும் “அவர் நல்ல மனிசன்” என்ற ஒரு சொல்லை நம்பி இரவு எட்டு மணிக்கு வானில் ஏற்றிவிடுகிறோம்.

இங்கிலாந்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். சிறு வயதில் பயிற்றுநர் ஒருவரால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதை முன்னாள் வீரர் அன்டி வூட்வேர்ட் 2016 இல் வெளிப்படையாகச் சொன்னார். அதன் பிறகு ஒருவர் பின் ஒருவராக முன்னாள் வீரர்கள் பேசத் தொடங்கினார்கள். அந்தப் பயிற்றுநர் பரி பெனல், திறமையான பிள்ளைகளைக் கண்டுபிடிப்பதில் பெயர் எடுத்தவர். 2018 இல் நீண்ட சிறைத்தண்டனை பெற்றார். 2021 இல் வந்த சுயாதீன விசாரணை அறிக்கை, பாதுகாப்பு ஒழுங்குகளைக் கொண்டுவர இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் மிகவும் தாமதித்தது என்று எழுதியது. பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் கவனமில்லாதவர்கள் அல்ல. வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடும் அளவுக்கு அந்தப் பயிற்றுநரை நம்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள். பிள்ளையைக் கெடுக்க நினைப்பவன் முதலில் வளைத்துப் பிடிப்பது பெற்றோரைத்தான்.

எனவே விதி எல்லோருக்கும் ஒன்று. நல்ல பயிற்றுநர் கேட்டுவிட்டுச் “சரி” என்று போய்விடுவார். இரண்டு விளக்குமாறு உடையும் அளவுக்குச் சண்டை பிடிக்கிறவரைப் பற்றித்தான் நான் கொஞ்சம் யோசிப்பேன்.

சரி, அந்த விதிகள் என்னென்ன?

பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒன்றும் மூடிய இடத்தில் தனியாக இருக்கக்கூடாது. மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான். பயிற்சியில் எப்போதும் குறைந்தது இரண்டு பெரியவர்கள். வெளியூர்ப் போட்டிக்கு வான் போனால் சாரதியைத் தவிர இருவர். திரும்பி வரும்போது பிள்ளைகளை வீடு வீடாக இறக்கினால் கடைசிப் பிள்ளை ஓர் ஆளோடு தனித்துப் போகும். ஆகவே எல்லோரையும் மைதானத்திலோ சந்தியிலோ இறக்கி, பெற்றோர் வந்து கூட்டிக்கொண்டு போவதுதான் நல்லது. கொழும்பில் இரவு தங்கினால் பெரியவர்களுக்கு வேறு அறை.

காலில் சதை பிடித்தால் எண்ணெய் போட்டுவிடுவது எங்கள் ஊரில் சாதாரணம். திறந்த இடத்தில், மற்றவர்கள் பார்க்க, பிள்ளையிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம். அறைக்குள் வேண்டாம். உடுப்பு மாற்றும் இடத்தில் கைத்தொலைபேசியை எடுக்கவே கூடாது, பிள்ளைகளும்தான்.

செய்திகள் எல்லாம் பெற்றோரும் இருக்கும் வட்ஸ்அப் குழுவில் மட்டும். தனிச் செய்தி இல்லை.

எனக்கு 15 வயது. பயிற்சி தரும் சேர் இரவில் தனியாக மெசேஜ் போடுகிறார். புதுச் சப்பாத்து வாங்கித் தந்தார், வீட்டில் சொல்லாதே என்றார். இது பிழையா?

தம்பி, உன்மேல் ஒரு பிழையும் இல்லை. சப்பாத்தை வாங்கியதும் பிழை இல்லை. ஆனால் “வீட்டில் சொல்லாதே” என்று ஒரு பெரியவர் சொன்னால் அந்த இடத்தில் உடனே உசாராக வேண்டும். நல்ல நோக்கத்தோடு தரும் சப்பாத்தை அம்மாவுக்கு முன்னாலேயே தரலாம்.

மெசேஜ்களை அழிக்காதே. அம்மாவோ, சித்தப்பாவோ, வகுப்பு ரீச்சரோ, நீ நம்பும் ஒருவருக்குக் காட்டு. அவர் சிரித்து மழுப்பினால் அடுத்தவரிடம் போ. யாரும் இல்லை என்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு நீயே எடுக்கலாம். காசு போகாது, தமிழிலேயே கதைக்கலாம். அணியில் இடம் போய்விடும் என்று பயமாக இருக்கும், எனக்கு விளங்குகிறது. அந்தப் பயத்தைத்தான் இப்படியான ஆட்கள் பிடித்து வைத்திருப்பார்கள்.

ரெண்டு அடி போட்டால்தான் பிள்ளை உருப்படும் என்று நாங்கள் வளர்ந்தோமே?

நானும் அப்படித்தான் வளர்ந்தேன். பெனால்டி ஒன்றை வெளியே அடித்ததற்கு, பத்தாம் வகுப்புப் படிக்கும்போது, முழு அணிக்கும் முன்னால் கன்னத்தில் ஒன்று வாங்கினேன். அடித்தவர் கெட்டவர் இல்லை, பின்னேரம் பிளேன்டீயும் வாங்கித் தந்தார். ஆனால் அதற்குப் பிறகு நான் பெனால்டி அடிக்கப் போனதே இல்லை. பந்தை வைக்கச் சொன்னால் சப்பாத்து நூல் கட்டுவது போலக் குனிந்துவிடுவேன். அந்த அடியால் நான் கற்றுக்கொண்டது ஒளியத்தான்.

சட்டத்தைக் கேட்டால்: பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005 இலேயே சுற்றறிக்கை விட்டது. சிறுவர்மீதான கொடூரம் தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவின்படி குற்றம். இந்தப் பிரிவு பள்ளிக்கூடம், கழகம் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ஆசிரியர் அறைந்து காது பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் அடிப்படை உரிமை வழக்கில், 2021 இல் உயர் நீதிமன்றம் மாணவன் பக்கம் தீர்ப்புச் சொல்லி நட்டஈடும் கொடுக்கச் சொன்னது.

வாயால் அடிப்பதும் இருக்கிறது. “எருமை”, “பொம்பிளைப் பிள்ளை மாதிரி ஓடாதே”, “உன்ர கொப்பனும் இப்படித்தான்” எல்லாம் கோச்மார் மட்டும் சொல்வதில்லை. கோட்டுக்கு வெளியே நிற்கும் தகப்பன்மாரிடமிருந்துதான் எனக்கு அதிகம் கேட்கிறது. இறுதிப் போட்டிகளில் மதிலுக்கு வெளியே போத்தலோடு நிற்பவர்கள் 12 வயதுப் பிள்ளையைப் பார்த்துச் சொல்வதை இங்கே எழுத ஏலாது. அவர்களை வெளியேற்றும்வரை ஆட்டத்தை நிறுத்தும்படி நடுவரிடம் கேட்க ஒழுங்கமைப்பாளருக்குத் துணிவு வேண்டும்.

வெயிலுக்குள் பழக்குகிறார்கள். பேசாமல் இருப்பதா?

பேசுங்கள். சித்திரை, வைகாசியில் பின்னேரம் மூன்று மணிக்கு எங்கள் மணல் தரை அடுப்பு. நாலரைக்குத் தொடங்கினால் என்ன குறைந்துவிடும்? “தண்ணி குடித்தால் வயிறு பிடிக்கும்” என்று தடுப்பது பழைய பிழையான நம்பிக்கை. பெரியவர்களின் ஆட்ட விதிகளிலேயே தண்ணீர் குடிக்க 1 நிமிடமும், கடும் வெயிலில் உடல் குளிர 90 செக்கன் முதல் 3 நிமிடம் வரையும் இடைவேளை கொடுக்கலாம் என்று இருக்கிறது. பிள்ளைகளுக்கு 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீர் கொடுங்கள். தலை சுற்றி, பேச்சுத் தடுமாறி, உடம்பு கொதித்தால் நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள்.

அப்புறம் ஐப்பசி, கார்த்திகை. மின்னல் வெட்டுக்கும் இடிமுழக்கத்துக்கும் இடையே எண்ணிப் பாருங்கள். 30 செக்கனுக்குள் என்றால் ஆட்டம் நிற்க வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் போகும்வரை திரும்ப இறங்கக்கூடாது. பனைக்குக் கீழே ஒதுங்குவதுதான் எல்லாவற்றிலும் மோசம். கட்டடத்துக்குள் போங்கள், இல்லாவிட்டால் வாகனத்துக்குள் இருந்து கண்ணாடியை மூடுங்கள். இறுதிப் போட்டிக்குப் பிரதம விருந்தினர் வந்து காத்திருக்கிறார் என்பது இடிக்குத் தெரியாது.

தலையோடு தலை மோதி விழுந்தான். எழும்பி விளையாடுகிறேன் என்கிறான். விடலாமா?

விடக்கூடாது. மயங்கி விழுந்தால்தான் மூளை அதிர்ச்சி என்பதில்லை. முழிசிப் பார்ப்பது, எத்தனை கோல் என்று மறந்துபோவது, தலையிடி, சத்தி, வெளிச்சம் கூசுவது, காரணமில்லாமல் அழுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது. சந்தேகம் என்றாலும் இருத்துங்கள். திரும்பத் திரும்பச் சத்தி, கூடிவரும் தலையிடி, நித்திரை மயக்கம், வலிப்பு, கை கால் சோர்வு என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு. ஒன்றும் இல்லை போல இருந்தாலும் முதல் இரண்டு நாள் ஒருவர் கூடவே இருந்து கவனிக்க வேண்டும். “ஒரு பனடோல் போட்டு விடு” என்று மைதானத்தில் முடிவெடுக்கும் வேலை எங்களுக்கு இல்லை.

சின்னப் பிள்ளைகள் பந்தைத் தலையால் அடிக்கலாமா?

அமெரிக்காவில் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்குத் தடை. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்து ஆகிய மூன்றும் 2020 இல் ஆரம்பப் பள்ளி வயதினரின் பயிற்சியிலிருந்து அதை எடுத்துவிட்டன. எங்கள் கழகத்திலும் 12 வயதுக்குக் கீழே பழக்குவதில்லை. காலால் ஒழுங்காகப் பந்தை நிற்பாட்டப் பழகட்டும்.

முழங்காலுக்குக் கீழே நோகிறது என்கிறாள். சோம்பலா?

10 முதல் 15 வயதுவரை, எலும்பு வேகமாக வளரும் காலத்தில், முழங்காலுக்குக் கீழே புடைத்து நோவது ஓடி விளையாடும் பிள்ளைகளிடம் அடிக்கடி வரும். ஓய்வு கொடுத்து, ஓட்டத்தைக் குறைத்து, வைத்தியரிடம் காட்டுங்கள். பள்ளி அணி, கழக அணி, ஊர்க் கிண்ணம் என்று மூன்றுக்கும் ஒரே கிழமையில் ஓடினால் கால் என்னதான் செய்யும்?

கோல் கம்பத்தை ஏன் ஆட்டிப் பார்க்கிறீர்கள்?

தூக்கி வைக்கும் இரும்புக் கம்பம் சரிந்து பிள்ளைகள் இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. பின்காலில் மண்மூட்டை வையுங்கள், அல்லது நிலத்தில் அறைந்து கட்டுங்கள். குறுக்குக் கம்பத்தில் தொங்கினால் அன்றைக்குப் பயிற்சி இல்லை. என் ஏச்சுக்குப் பயந்தாவது இறங்கிவிடுவார்கள்.

பெண் பிள்ளையை அனுப்பலாமா?

தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரிப் பிள்ளைகள் தேசிய மட்டத்தில் கிண்ணம் தூக்கி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இன்னும் இந்தக் கேள்வி வருகிறது.

அனுப்புங்கள், ஆனால் ஒழுங்கைக் கேளுங்கள். அணியோடு ஒரு பெண் பொறுப்பாளர் கட்டாயம் இருக்க வேண்டும். உடுப்பு மாற்றப் பூட்டக்கூடிய அறையும் தண்ணீர் உள்ள கழிப்பறையும் வேண்டும். இவை இல்லாத மைதானத்தில் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு விளையாடுகிறார்கள். எங்கள் கழகத்தில் ஓர் அக்கா சொல்லும்வரை ஆம்பிளைகள் ஒருவருக்கும் இது தெரியாது. முதலுதவிப் பெட்டியில் பான்டேஜோடு மாதவிடாய்த் துவாயும் இருக்கட்டும். வெள்ளைக் காற்சட்டை வேண்டாம் என்று பிள்ளைகள் கேட்டால் நிறத்தை மாற்றுங்கள். அதற்குக் கூட்டம் கூட்டத் தேவையில்லை.

ஓ.எல். சோதனை வருகிறது. மைதானத்தை நிறுத்தட்டுமா?

பிள்ளையைக் கேட்டீர்களா? காலை ரியூசன், பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூசன், இரவு ரியூசன் என்று ஓடும் பிள்ளைக்குக் கிழமையில் இரண்டு நாள் ஒரு மணித்தியாலம் பந்தடிப்பது படிப்பைக் கெடுக்காது என்பது என் அபிப்பிராயம். மறுபக்கமும் உண்டு. சோதனைக் காலத்தில் “வராவிட்டால் அணியில் இல்லை” என்று மிரட்டும் கழகமும் பிழைதான். விளையாட விருப்பமே இல்லாத பிள்ளையைத் தகப்பனின் பழைய ஆசைக்காக இழுத்துவருவதும் அதே வகைதான்.

எங்கள் தெருப் பிள்ளைகளை மட்டும் எப்போதும் வெளியே இருத்துகிறார்கள். ஏன் என்று உங்களுக்குத் தெரியும்தானே?

தெரியும். யாரும் சாதி என்று வாய் திறந்து சொல்லமாட்டார்கள். “அந்தப் பக்கத்துப் பொடியள்” என்பார்கள், தண்ணீர்ப் போத்தல் வேறாக இருக்கும். பாரபட்சமும் சிறுவர் உரிமை மீறல்தான், சமவாயத்தின் 2 ஆம் உறுப்புரை இதற்கே. யார் எத்தனை நிமிடம் விளையாடினார்கள் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். 12 வயதுக்குக் கீழே வந்த பிள்ளை எல்லாம் பாதி ஆட்டமாவது ஆட வேண்டும் என்று நாங்கள் விதி வைத்தோம். ஒரு மாதத்திலேயே தாள் எல்லாவற்றையும் காட்டிவிட்டது. இரண்டு பேர் நிர்வாகத்திலிருந்து கோபித்துக்கொண்டு போனார்கள். போகட்டும்.

கனடாவிலிருந்து ஒருவர் சப்பாத்து அனுப்புகிறார். படம் எடுத்துப் பேஸ்புக்கில் போடச் சொல்கிறார். போடலாமா?

உதவி இல்லாமல் எங்கள் கழகங்கள் ஓடாது, அதை மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையை வரிசையில் நிற்பாட்டி, பெட்டியைக் கையில் கொடுத்து, “தந்தையை இழந்த மாணவனுக்கு” என்று பெயரும் பள்ளிக்கூடமும் எழுதிப் படம் போட்டால், அடுத்த நாள் வகுப்பில் அவன் என்ன முகத்தோடு இருப்பான்? பிள்ளையின் பெயர், ஊர், பள்ளி, குடும்ப நிலை நான்கும் சேர்ந்த படம் தப்பான ஆட்களுக்கு நல்ல விலாசமும் ஆகும். சப்பாத்துகளை மட்டும் அடுக்கிப் படம் எடுங்கள். அணியாக ஆடும் படம் ஒன்றைப் பெயர் போடாமல், பெற்றோரின் கையெழுத்தும் பிள்ளையின் சம்மதமும் வாங்கிப் போடுங்கள். தருபவர்களுக்குக் கணக்கையும் பற்றுச்சீட்டையும் அனுப்புங்கள். விளக்கிச் சொன்னபோது எங்களுக்கு உதவியவர்களில் ஒருவரும் கோபிக்கவில்லை.

மகனுக்கு வெளிநாட்டுக் கழகத்தில் ட்ரயல் எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் காசு கேட்கிறார்.

மகனுக்கு வயது என்ன? 18 க்குக் கீழே என்றால், வேறு நாட்டுக் கழகத்துக்கு மாறுவதை ஃபிஃபாவின் இடமாற்ற விதிகளில் 19 ஆம் உறுப்புரை பொதுவாகத் தடுக்கிறது. குடும்பம் உதைபந்தாட்டத்தோடு தொடர்பில்லாத காரணத்துக்காக அந்த நாட்டுக்குக் குடிபெயர்வது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. காணியை ஈடு வைக்க முதல் அழைத்த கழகத்தின் பெயரைக் கேட்டு, அந்தக் கழகத்தோடு நேரே தொடர்புகொள்ளுங்கள். கடவுச்சீட்டை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

ஒரு வயதைக் குறைத்து 16 வயதுப் பிரிவில் இறக்கினால் என்ன?

பிள்ளைக்குப் பொய் சொல்லப் பழக்குகிறீர்கள், எதிரணியில் நிற்கும் சின்னப் பிள்ளையின் காலை முறிக்கிறீர்கள். வேறென்ன சொல்ல?

பிள்ளை ஏதோ நடந்தது என்று சொல்கிறது. முதலில் என்ன செய்வது?

கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள். “ஏன் முதலே சொல்லவில்லை?”, “நீ ஏன் அங்கே போனாய்?” இரண்டும் வேண்டாம். நீ சொன்னது நல்லது, நான் நம்புகிறேன் என்று சொல்லுங்கள். யாருக்கும் சொல்லமாட்டேன் என்று மட்டும் சத்தியம் பண்ணாதீர்கள், சொல்லத்தான் வேண்டிவரும். துருவித் துருவி விசாரிப்பது உங்கள் வேலை இல்லை. பிள்ளை சொன்ன சொற்களையே, நாளும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள்.

பிறகு 1929. இது 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம். 24 மணித்தியாலமும் இலவசம். பெயர் சொல்லாமலும் முறையிடலாம். பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பிரிவுக்குப் போகலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். உடலில் பாதிப்பு நடந்து கொஞ்ச நேரம்தான் என்றால் பிள்ளையைக் குளிக்க வார்க்காமல், உடுப்பைத் தோய்க்காமல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சட்ட வைத்திய அதிகாரி பார்ப்பார்.

பொடியன்களுக்கு இது நடக்காது என்று நினைக்காதீர்கள். பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற குற்றத்தில் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற வேறுபாடு இல்லை. வாயால் சொல்லாத பிள்ளையும் உண்டு. ஆசையாகப் போனவன் திடீரென்று வயிற்றுக்குத்து என்பான், ஒரு குறிப்பிட்ட ஆளின் பெயர் கேட்டால் முகம் மாறும், நித்திரை குழம்பும், கையில் புதுப் போன் இருக்கும்.

ஊருக்குள்ளேயே பேசி முடித்தால் என்ன? கழகத்தின் பெயர் கெட்டுவிடுமே?

அப்படி முடித்த ஒரு விடயம் எனக்குத் தெரியும். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். நிர்வாகம் கூடியது, அந்த ஆள் மன்னிப்புக் கேட்டார், கழகத்தை விட்டு விலகினார். அடுத்த வருடம் பத்து மைல் தள்ளி இன்னொரு கழகத்தில் விசிலோடு நின்றார். அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது. கழக நிர்வாகத்துக்கு விசாரிக்கவும் தெரியாது, தீர்ப்புச் சொல்ல அதிகாரமும் இல்லை. முறைப்பாடு வந்த அன்றே அந்த ஆளைப் பிள்ளைகளிடமிருந்து விலக்கி வைப்பதும், உரிய இடத்துக்கு அறிவிப்பதும் மட்டும்தான் கழகத்தின் வேலை. விசாரணையில் அவர் குற்றமற்றவர் என்று வந்தால் திரும்பி வரட்டும்.

எங்கள் கழகத்தில் காசில்லை. எதிலிருந்து தொடங்குவது?

காசு தேவையில்லாதவற்றிலிருந்து. பிள்ளைகள் பயமில்லாமல் வந்து சொல்லக்கூடிய இருவரை, அதில் ஒருவர் பெண், தெரிவு செய்து அவர்களின் பெயரை எல்லாப் பெற்றோருக்கும் சொல்லுங்கள். தலைமைப் பயிற்றுநர் அந்த இருவரில் ஒருவராக இருக்கக்கூடாது. புதிதாகப் பழக்க வருபவர் முன்பு எந்தக் கழகத்தில் இருந்தார், ஏன் விட்டார் என்று அங்கேயே கேளுங்கள். விதிகளை ஒரு பக்கத்தில் எழுதி, 1929 ஐப் பெரிய எழுத்தில் போட்டு, சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அவசர இலக்கம், ஒவ்வாமை, இழுப்பு நோய் பற்றிய குறிப்பு ஒரு கொப்பியில் இருக்கட்டும்.

எழுதும்போது பிள்ளைகளையும் கேளுங்கள். எங்கள் பிள்ளைகள் சொன்ன முதல் விதி, தோற்ற நாளில் வானுக்குள் யாரும் கத்தக்கூடாது என்பது.

பந்து பக்கத்து வளவுக் கிணற்றுக்குள் விழுந்தால்?

சிரிக்காதீர்கள், இதையும் கேட்டார்கள், கேட்க வேண்டியதுதான். கட்டு இல்லாத கிணறு எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. பெரியவர் ஒருவர் வாளியும் கயிறும் கொண்டுவரும்வரை பிள்ளைகள் ஒருவரும் கிட்டப் போகக்கூடாது. அதுவரைக்கும் விளையாட இரண்டாவது பந்து ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.